சுருக்காமல் வைத்த டேப்

என் அக்கா மகள் ஷேரன் ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஆபீசில் இப்போது என்ன வேலை என்று கேட்டேன்.

"பேக்கப் சிஸ்டம் மாத்துறோம் சித்தி. கம்ப்ரெஷன் செட்டிங் எல்லாம் என் தலையில கட்டிட்டாங்க."

"பெரிய வேலையாச்சே."

"இதுல என்ன பெருசு? ஸ்க்ரீன்ல ஒரு டிக் போட்டா முடிஞ்சிச்சு லா."

அடுப்பில் வடை வெந்துகொண்டிருந்தது. அப்படியே அணைத்துவிட்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"டிக் போட்டே. சரி. எழுதினதை எங்க படிச்சுப் பாத்தே?"

"எங்கன்னா?"

"எழுதின மெஷின்லயா, வேற மெஷின்லயா?"

கையில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் காலத்துல நீங்க என்னதான் பண்ணீங்க சித்தி? எழுதி வைங்களேன், எங்க டீம்ல குடுத்துப் படிக்கச் சொல்றேன்" என்றாள். எழுதியிருக்கிறேன். அடக்கமாக எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை. எழுபது தாண்டியபிறகு அடக்கம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் முடித்த தமிழ்ப் பெண்ணுக்கு ஊரில் எல்லாரும் சொன்ன வேலைகள் இரண்டு. ஒன்று டீச்சர், இன்னொன்று நர்ஸ். எனக்குப் பிள்ளைகளிடம் பொறுமை கிடையாது, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் தேவை என்று விளம்பரம் பார்த்து மனுப் போட்டேன். அது என்ன வேலை என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா. ஆனா ரூம் முழுக்க ஏர்கானாம், ஜில்லுன்னு இருக்குமாம்."

"அப்ப போ" என்றார். எங்கள் வீட்டில் என் தொழிலைப் பற்றி நடந்த ஆலோசனை இவ்வளவுதான்.

பீச் ரோடு பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க முடியாத கம்பெனிகளுக்காக அவர்களுடைய கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் எங்கள் மெஷினில் ஓட்டித் தருவோம். முதல் சில ஆண்டுகளில் நான் மெஷின் படிக்கிற மாதிரி கணக்கை அட்டையில் துளை துளையாகப் போட்டேன், டேப் சுருள்களைத் தூக்கினேன், அச்சடித்த தாளை மடித்தேன். தோசைக்கல் அகலத்துக்கு இருக்கும் அந்தச் சுருள். அதன் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் மெஷின் அதில் எழுதும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டும் செய்யும். வளையம் கழற்றாத சுருளை அலமாரியில் வைத்தவளுக்கு அன்று சாப்பாடு இறங்காது, காதர் சார் பார்க்கிற பார்வை அப்படி.

காதர் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆப்பரேஷன்ஸ் முழுவதும் அவர் கையில் இருந்தது. குடும்பத்துக்கு அராப் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை. கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் படித்தவர். என்னைவிடப் பத்து வயதுகூட மூத்தவராக இருக்க மாட்டார், ஆனால் பிறக்கும்போதே சூப்பர்வைசராகப் பிறந்தவர் மாதிரி இருப்பார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். சின்னப் பெண்ணாக இருந்தாலும் 'மிஸ்' போட்டு 'நீங்க' என்றுதான் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் அவருடைய தமிழ் மறைந்து இங்கிலீஷ் வந்துவிடும். இங்கிலீஷ் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு கோபம் என்று அர்த்தம்.

அந்த வருஷங்களில் மெஷின் ரூமில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி இருக்கும், நாங்கள் உட்காருவோம், அவர் நிற்பார். "ஏன் சார் நிக்கிறீங்க, கால் வலிக்கலையா?" என்று பீ லியன் ஒருமுறை துணிந்து மலாயில் கேட்டாள். பீ லியன் என்னோடு அதே மாதம் வேலைக்குச் சேர்ந்த சீனப் பெண், என் உயிர்த் தோழி. "வேலை முடிஞ்சாத்தான் உட்காரணும். இங்க வேலை எப்ப முடிஞ்சிருக்கு?" என்றார் சார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

டேப் எழுதி முடித்தோம் என்று போய்ச் சொன்னால் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வரும். "எங்க படிச்சுப் பாத்தீங்க?"

டேப்பைச் சுழற்றி எழுதுகிற, படிக்கிற மெஷினுக்கு டிரைவ் என்று பெயர். எழுதின டிரைவிலேயே போட்டுப் படித்தேன் என்று சொன்னால் அது கணக்கில் சேராது. பக்கத்து டிரைவில் போட்டுப் படித்திருக்க வேண்டும். முதலில் எங்களுக்கு இது வீண் பிடிவாதமாகத்தான் தெரிந்தது. டேப் ஒன்றுதானே, எந்த டிரைவில் போட்டால் என்ன என்று முணுமுணுத்து, அவர் பார்க்காதபோது எழுதின டிரைவிலேயே படித்து முடித்துவிடுவோம்.

காரணம் தெரிய ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. ஒரு டிரைவில் சத்தம் வருகிறது என்று மெஷின் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வந்து, டேப்பைத் தொட்டு எழுதுகிற, படிக்கிற தலையை நேராக்கிவிட்டுப் போனார். மறுநாள், அந்த டிரைவ் முன்பு எழுதிய எந்தச் சுருளையும் எந்த மெஷினும் படிக்கவில்லை. தலை கோணலாக இருந்தபோது எழுத்தும் கோணலாகவே விழுந்திருக்கிறது. கோணல் தலை கோணல் எழுத்தைச் சரளமாகப் படித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. காதர் சார் அந்த இன்ஜினியரைத் திரும்பக் கூப்பிட்டு, "நேத்து சரி பண்ணினதைத் தயவுசெஞ்சு மறுபடி கெடுத்துக் குடுங்க" என்றார். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டிருக்க மாட்டார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாக்கி, சுருள் ஒவ்வொன்றையும் படித்து, நல்ல டிரைவில் நகல் எடுத்து முடித்தோம். எங்கள் ஆபீஸின் சட்டம் அப்படித்தான் உறுதியானது. எழுதின மெஷினில் படித்துப் பார்ப்பது படித்துப் பார்ப்பது ஆகாது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் அந்தச் சட்டத்துக்காக அதைப் போட்டவரோடேயே நான் மல்லுக்கு நிற்க வேண்டி வந்தது.

எண்பதுகளின் கடைசி. சுருள்கள் போய் டேப்பை உள்ளே சுற்றி வைத்த, உள்ளங்கையில் அடங்குகிற சதுரக் கார்ட்ரிட்ஜ் வந்துவிட்டது. நான் கல்யாணமாகி மார்சிலிங்கில் வீடு வாங்கி, ஆபீஸில் பேக்கப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆகியிருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியது ஒரு கண்டெய்னர் யார்டு. ஜூரோங் பக்கம், கப்பலில் ஏற்ற வேண்டிய இரும்புப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் மைதானம். எந்தப் பெட்டி எந்த வரிசையில், அடுக்கில் எத்தனையாவது என்பது எங்கள் மெஷினுக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் போனால், ஒரு பெட்டியைத் தேட மேலே இருக்கும் பெட்டிகளையெல்லாம் இறக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். கப்பல் காத்திருக்காது.

யார்டின் வேலை பெருகப் பெருக, பேக்கப் காலைக்குள் முடியாமல் இழுத்தது. அப்போதுதான் டிரைவிலேயே கம்ப்ரெஷன் வசதி வந்தது. சுருக்கி எழுதுவது. ஷேரனுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பெயர் எழுத முப்பது கட்டம் ஒதுக்கியிருப்போம். 'டான்' என்று ஒருவர் பெயர் இருந்தால் சில கட்டத்திலேயே முடிந்துவிடும், மீதியெல்லாம் வெற்றுக் கட்டம். பழைய டிரைவ் அந்த வெற்றுக் கட்டங்களையும் ஒன்று விடாமல் எழுதும். புது டிரைவ் 'இங்கே இத்தனை வெறுமை' என்று ஒரு குறிப்பு வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். டேப்பும் மிச்சம், நேரமும் மிச்சம்.

விற்க வந்தவர் டை கட்டிக்கொண்டு மாதிரிக்கு ஒரு ஃபைலைச் சுருக்கிக் காட்டினார். கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் கொஞ்சம் இடம்தான் பிடித்தது. எங்கள் ஜெனரல் மேனேஜர் கை தட்டாத குறை. "உங்க ஃபைல்ல என்ன இருக்கு?" என்று நான் கேட்டேன். சிரித்து மழுப்பினார். திறந்து பார்த்தால் முழுக்க முழுக்கப் பூஜ்யம். "நம்ம ஃபைலைப் போட்டுக் காட்டுங்க சார்" என்றேன். எங்கள் ஆட்கள் பெயரெல்லாம் தகப்பன் பெயரோடு சேர்ந்து கட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும். 'டான்' சுருங்குகிற மாதிரி 'பாலசுப்பிரமணியம் சன் ஆஃப் கோவிந்தசாமி' சுருங்குமா? சுருங்கியது, ஆனால் டைக்காரர் சொன்ன அளவுக்கு இல்லை.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் உட்கார்ந்து எங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சில நன்றாகச் சுருங்கின. பழைய ஆண்டுக் கணக்குகளை முன்பே ஒரு புரோகிராம் வைத்து நெருக்கி வைத்திருந்தோம். அவற்றைச் சுருக்கச் சொன்னால் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டன. பிழிந்து காயப்போட்ட துணியை மறுபடி பிழிந்தால் கைதான் வலிக்கும். எது சுருங்கும், எது சுருங்காது என்று பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகச் சொல்லி வைத்தேன். பேக்கப் காலைக்கு வெகு முன்னாலேயே முடிய ஆரம்பித்தது. இது என் கைவேலை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

ஒரே ஒரு செட்டை, யார்டு பேக்கப் இருக்கும் கார்ட்ரிட்ஜ்களை மட்டும் நான் சுருக்க விடவில்லை. சண்டை அங்கேதான் வந்தது.

எங்கள் கட்டடத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் வேலையைத் தொடர பூன் லேயில் ஒரு ஏற்பாடு இருந்தது. எங்கள் முதலாளிகளுடைய தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது, அதில் இதே மாதிரி மெஷின். சனிக்கிழமை யார்டு வேலை முடிந்ததும் பேக்கப் எழுதி, எல்லா கார்ட்ரிட்ஜ்களையும் அங்கே அனுப்பிவிடுவோம். ஆனால் பூன் லே டிரைவ்கள் பழையவை, கம்ப்ரெஷன் இல்லாதவை. சுருக்கி எழுதியதை அவற்றில் போட்டால் படிக்காது. பாதி படிக்கும், கால்வாசி படிக்கும் என்றெல்லாம் இல்லை, கார்ட்ரிட்ஜை வெளியே தள்ளிவிடும்.

ஜெனரல் மேனேஜருக்கு எல்லாமே சுருங்க வேண்டும். காதர் சார் அந்த உத்தரவோடு மெஷின் ரூமுக்கு வந்தார். ஷிஃப்ட் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"மிஸ் பிலோமினா, எல்லா வேலையும் கம்ப்ரெஷன்ல போடுங்க."

"யார்டு செட் மட்டும் வேணாம் சார். பூன் லேல படிக்காது."

"பூன் லேக்கு அடுத்த வருஷம் புது டிரைவ் வருது."

"தீ பிடிச்சா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்குமா சார்?"

பீ லியன் என் காலை மிதித்தாள். சாரின் இங்கிலீஷ் கிளம்பியது. "மிஸ் பிலோமினா, திஸ் இஸ் நாட் எ டிபேட்." கமா, முற்றுப்புள்ளி எல்லாம் காதில் கேட்டது.

ஆனால் என் வாய் நிற்கவில்லை. "எழுதின மெஷின்ல படிச்சது கணக்குல வராதுன்னு சொன்னது நீங்க சார். எல்லாத்தையும் சுருக்கிட்டா, அதை எழுதின மெஷினைத் தவிர வேற எங்கயும் படிக்க முடியாது. அப்புறம் நீங்க வந்து 'எங்க படிச்சுப் பாத்தீங்க'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் அடுக்கியிருந்த கார்ட்ரிட்ஜ்களைப் பார்த்தார்.

"மத்ததைச் சுருக்கினதுல மிச்சமான நேரம் இருக்கு சார். அந்த நேரத்துல யார்டு செட்டைச் சுருக்காம எழுதிடலாம். அதைத் திறக்கிற புரோகிராமையும் சுருக்காமத்தான். சாவியைப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டினா எப்படி?"

"யார்டு செட் மட்டும்" என்றார், தமிழில். "ஆனா அது பூன் லேல திறக்கலேன்னா நீங்கதான் பதில் சொல்லணும். யார்டு நம்மள விட்டுப் போனா இந்த ஷிஃப்ட்டே இருக்காது. தெரியும்ல?"

"தெரியும் சார். பதில் சொல்றேன்."

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பீ லியனுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. மற்றப் பெண்களுக்கும் ஒவ்வொரு கதை. அவர்கள் வேலையெல்லாம் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

செட்டை அமைக்கும்போது இன்னொரு காரியம் செய்தேன். டிரைவுக்கு ஒரு டீஃபால்ட் உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது எப்படி எழுத வேண்டும் என்று முன்கூட்டி வைத்திருப்பது. அப்போது டீஃபால்ட் 'சுருக்காதே' என்றுதான் இருந்தது. இருந்தும் யார்டு வேலை ஒவ்வொன்றுக்கும் மெஷினுக்குக் கொடுக்கிற உத்தரவில் கடைசி வரியாக 'சுருக்காதே' என்று நானே எழுதி வைத்தேன். காதர் சார் பார்த்துவிட்டு, "சொல்லலேன்னாலும் அது சுருக்காதே. இந்த வரி எதுக்கு?" என்றார்.

"டீஃபால்ட் யாரோ வெச்சது சார். நாளைக்கு யாரோ மாத்துவாங்க. நான் எழுதினது நான் அழிக்கிற வரைக்கும் இருக்கும்."

"ஐயோ பிலோ, யூ ஆல்வேஸ் எக்ஸ்ட்ரா லா" என்று பீ லியன் சிரித்தாள். 'பிலோவின் எக்ஸ்ட்ரா வரி' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆரம்பத்தில் வாராவாரம் யாராவது ஒருத்தி பூன் லேக்குப் போய் அந்த செட்டைப் படித்துப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு தொழிற்சாலைக்காரர்கள் மெஷின் நேரம் தர மறுத்தார்கள். மாதம் ஒருமுறை போதும் என்று காதர் சாரே குறைத்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மெஷின் அவர்களுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு மார்சிலிங்கிலிருந்து குடும்பத்தோடு சர்ச்சுக்கு வந்திருந்தேன். சாமியார் பிரசங்கத்தில் இருந்தபோது ஆபீசிலிருந்து அவசரமாகக் கூப்பிட என் இடுப்பில் மாட்டியிருந்த பேஜர் அடித்தது. கோயிலே திரும்பிப் பார்த்தது. வெளியே ஓடி, சிராங்கூன் ரோட்டில் ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து ஆபீசுக்கு அடித்தேன். காதர் சார் எடுத்தார். இங்கிலீஷும் இல்லை, கோபமும் இல்லை. "மேல ஏர்கான் பைப் வெடிச்சிருச்சும்மா. மெஷின் ரூம் முழுக்கத் தண்ணி" என்றார். அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அதிலேயே எனக்கு நிலைமை புரிந்துவிட்டது.

பிள்ளைகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடேயே ஆபீசுக்கு ஓடினேன். டிஸ்க் பெட்டிகளின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கார்ட்ரிட்ஜ் டிரைவ்களும் நனைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை யார்டில் பெட்டி நகராது, ஆனால் மறுநாள் காலை கப்பல். அன்றைக்குள் பூன் லேயில் யார்டு சிஸ்டத்தை எழுப்பியாக வேண்டும். காதர் சாரின் காரில் ஏறினோம்.

புக்கிட் தீமா ரோடு வரை அவர் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்ஜினியர்கிட்ட போன்ல பேசினேன். போன வாரம் சர்வீஸ் பண்ணாங்கல்ல? அப்ப டிரைவ் டீஃபால்ட்டை மாத்திட்டாராம். கம்ப்ரெஷன் ஆன். நம்மகிட்ட சொல்ல மறந்துட்டாராம்."

முந்தின நாள் எழுதிய செட் அந்த டீஃபால்ட் மாறிய பிறகு எழுதியது. அதை யாரும் பூன் லேயில் படித்துப் பார்க்கவில்லை.

"உங்க எக்ஸ்ட்ரா வரி..." என்று இழுத்தார்.

"இருக்கு சார்."

"எல்லா வேலையிலயுமா?"

"எல்லாத்துலயும் சார்."

"நிச்சயமா?"

"நான் எழுதினது சார்" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. மனசு ஒவ்வொரு வேலையாகத் திறந்து கடைசி வரியைத் தேடிப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒன்றில் விட்டிருந்தாலும் போதும், செட் முழுவதும் வீண். பூன் லே வரும்வரை ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன். சாரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவர் என்ன ஓதினார் என்று நான் கேட்கவில்லை.

பீ லியன் வீடு பூன் லேயிலேயே இருந்ததால் சாரின் போன் கிடைத்ததும் எங்களுக்கு முன்னால் வந்து கார்ட்ரிட்ஜ் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த கார்ட்ரிட்ஜை எடுத்து டிரைவில் தள்ளினாள். டிரைவ் கொஞ்சம் சுழன்றது, உறுமியது, கார்ட்ரிட்ஜை வெளியே தள்ளியது. திரையில் இந்த வடிவத்தைப் படிக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. பீ லியன் முகம் வெளுத்துவிட்டது. காதர் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கார்ட்ரிட்ஜைத் திருப்பி ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தேன். "இது சம்பளக் கணக்கு. இதை நான் சுருக்கச் சொல்லியிருக்கேன். இது இங்க திறக்கும்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்தது. பயம் எனக்கு எப்போதுமே அதட்டலாகத்தான் வெளியே வரும்.

யார்டு செட்டின் முதல் கார்ட்ரிட்ஜை எடுத்துப் புடவை முந்தானையில் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. தள்ளினேன்.

சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. திரையில் எண்கள் ஏறத் தொடங்கின.

பீ லியன் என் தோளில் அடித்து அடித்து ஏதோ சொன்னாள், சீனத்திலா மலாயிலா என்று இன்றைக்கும் தெரியாது. நான் அசையவில்லை. செட்டில் அது முதல் கார்ட்ரிட்ஜ்தானே. ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அந்த இடைவெளி, சுழன்று, நின்று, யோசித்து, மறுபடி சுழலும் அந்த இடைவெளி. கடைசிக் கார்ட்ரிட்ஜும் உள்ளே போய்ப் படித்து முடித்தபோதுதான் பட்டுப்புடவை முதுகில் ஒட்டியிருந்தது தெரிந்தது. ஏர்கான் அறையில் எனக்கு வியர்த்திருக்கிறது.

யார்டு வரைபடம் திரையில் வந்தது. வரிசை வரிசையாகப் பெட்டி எண்கள். காதர் சார் பார்த்தார், தலையை ஆட்டினார், ஜெனரல் மேனேஜரிடம் பேசப் பக்கத்து அறைக்குப் போனார். வீட்டுக்குப் போகலாமா என்று பீ லியன் கேட்டாள்.

"இரு" என்றேன்.

எண்கள் வந்துவிட்டன. ஆனால் அவை சரியான எண்களா? இதுவும் ஒரு மெஷின் எழுதியதை இன்னொரு மெஷின் படித்ததுதான். இரண்டும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால்? யார்டில் ஞாயிற்றுக்கிழமைக் காவலுக்கு இருந்தவர் செல்லையா அண்ணன். அந்த யார்டில் வெகுகாலமாக வேலை பார்த்தவர், போனில் மட்டுமே எனக்குப் பழக்கம். அவருக்குப் போன் அடித்தேன்.

"அண்ணே, பீச் ரோடு பிலோமினா பேசறேன். ஒரு உதவி. ஒரு பெட்டி நம்பர் சொல்றேன், வெளிய போய்ப் பாக்கணும்."

"இந்த வெயில்லயா தங்கச்சி? கம்ப்யூட்டர்ல பாத்துக்க வேண்டியதுதானே?"

"கம்ப்யூட்டரைத்தாண்ணே பாக்கச் சொல்றேன்."

திரையில் இருந்த ஒரு பெட்டியின் எண்ணையும் வரிசையையும் அடுக்கையும் சொன்னேன். போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். காதில் மின்விசிறிச் சத்தமும் தூரத்தில் ஒரு லாரியும் கேட்டுக்கொண்டிருந்தன. வெகு நேரம் கழித்து மூச்சு வாங்க வந்தார்.

"இருக்கு தங்கச்சி. நீ சொன்ன வரிசையிலதான் இருக்கு, கீழ் அடுக்கு. பச்சைப் பெயின்ட்டு. கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் வர்றேன், கொதிக்குது லா."

"இன்னொரு பெட்டி அண்ணே. நேத்து சாயங்காலம் கடைசியா வந்தது."

முனகிக்கொண்டே போனார். திரும்பி வந்து அதுவும் இருக்கிறது என்றார். அதற்கு மேல் அவரை வெயிலில் அலைய வைக்க மனசு வரவில்லை. "உங்களுக்குப் புண்ணியமாப் போவும் அண்ணே" என்று வைத்துவிட்டு நிமிர்ந்தால், காதர் சார் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

சட்டைக் கையைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மிஸ் பிலோமினா. எங்க படிச்சுப் பாத்தீங்க?"

"யார்டுல சார்" என்றேன். "செல்லையா அண்ணன் போய்ப் பெட்டியத் தொட்டுப் பாத்துட்டார்."

அவர் மெஷின் ரூமுக்குள் வந்தார். என் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்தார், உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டு, திரையில் இருந்த பெட்டி எண்களை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பீ லியன் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மறுநாள் பெட்டிகள் கப்பல் ஏறின, யார்டு எங்களை விட்டுப் போகவில்லை, ஷிஃப்ட்டில் யாருக்கும் வேலை போகவில்லை. ஆபீஸில் எனக்குப் பாராட்டுத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள், அது எங்கே போனது என்று தெரியவில்லை, தேடவும் இல்லை. மெஷின் ரூமில் காதர் சார் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.